சீட்டின் கடைசி வரி

என் பிரியமான மாப்பிள்ளை யூசுப்புக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ அடங்கியிருக்கும் கபர்ஸ்தான் வழியாகப் போகும்போதெல்லாம் மதிலோரம் நின்று உனக்கு ஸலாம் சொல்லிவிட்டுத்தான் போகிறேன். அதெல்லாம் வாயால் சொன்னது. இது கையால் எழுதியது. ஆமாம், நானேதான் எழுதுகிறேன். நான் சொல்லச் சொல்ல எழுத யாரும் பக்கத்தில் இல்லை.

ஒரு நாளைக்கு ஒரு பக்கம்தான் முடிகிறது. நான் ஒரு ‘ழ’ போட்டு முடிப்பதற்குள் உலை கொதித்துவிடுகிறது என்று உன் பெண்டாட்டி, என் தங்கச்சி ரஹ்மத், கேலி செய்கிறாள். செய்யட்டும். அறுபத்து நாலு வயதில் எழுத்து வந்தவனுக்கு என்ன அவசரம்?

எப்படி வந்தது என்று கேட்பாய். நகராட்சிப் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுக்கு மைக் செட் கட்டப் போயிருந்தேன். ஒலிபெருக்கிக் குழாயைத் தூணில் ஏற்றிவிட்டு இறங்கினால், பக்கத்து அறையில் என் வயதுக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சிலேட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள். முதியோர் கல்வி வகுப்பாம். கல்லங்குறிச்சியிலிருந்து வரும் மல்லிகா டீச்சர் என்னைப் பார்த்து, “என்னங்க பாய், மைக் இங்க வேணாமே” என்றது. “மைக்குக்கு வரலம்மா, சிலேட்டுக்கு வந்தேன்” என்று சொல்லிவிட்டேன். வாயில் எப்படி வந்ததோ தெரியாது. மறுநாளிலிருந்து சாயங்காலம் அசர் தொழுகை முடிந்ததும் அங்கேதான். ஒன்றரை வருஷம். கேட்டவர்களிடம் பள்ளிக்கூடத்து மைக்கைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டேன்.

இப்போது பஸ் ஸ்டாண்டில் நின்று போர்டு வாசிப்பதே எனக்குப் பெரிய வேலை. வண்டியின் நிறத்தைப் பார்த்தும், ஏறுகிறவர்களின் முகத்தைப் பார்த்தும் ஏறிய காலம் முடிந்துவிட்டது. ஒரு நாள் திருமழபாடி என்ற போர்டை முழுசாக வாசித்து முடித்த சந்தோஷத்தில், நான் போக வேண்டிய பெரம்பலூர் பஸ்ஸைக் கோட்டைவிட்டேன். என் கடைப் பலகையில் ‘காசிம் மைக் செட், அரியலூர்’ என்று இருக்கிறது மாப்பிள்ளை. இருபது வருஷமாக அதன் கீழேதான் உட்கார்ந்திருந்தேன். அதை என் கண்ணால் வாசித்த அன்று கடையைப் பூட்ட மனசு வரவில்லை.

இந்தக் கடிதம் நபி பிறந்த நாளுக்கு நம் ஜமாஅத்து போடும் மீலாது மலரில் வரப்போகிறது. ஊரே வாசிக்கும். எனக்கு எழுத்துத் தெரியாது என்ற ரகசியத்தை நீ ஆயுசு முழுக்கக் காப்பாற்றினாய். அதை இன்று நானே போட்டு உடைக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. ஏன் என்று சொல்கிறேன்.

வாசிக்கிறவர்களுக்காக நம் தொழில் நடந்த விதத்தையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உனக்கு சைக்கிள் கடை. அதோடு திருச்சிப் பத்திரிகை ஒன்றுக்கு நம் வட்டாரத்துச் செய்தியை எழுதி, கவரில் போட்டு ரயிலில் கொடுத்தனுப்புவாய். பள்ளிவாசல் விஷயம் வெளியே போக வேண்டுமென்றாலும் நீதான் எழுதுவாய். பத்திரிகைக்குப் போகும் செய்தி, சுவரில் ஒட்டும் நோட்டீஸ், நான் மைக்கில் சொல்லும் சீட்டு எல்லாமே உன் கையெழுத்துதான். நான் உன் குரல். கோயில் திருவிழா, தேர்தல், புதுப்படம் என்று எவர் வந்து சீட்டைக் கொடுத்தாலும் முதலில் உன் கடைக்குத்தான் கொண்டுவருவேன். நீ மூன்று தரம் வாசிப்பாய். நாலாவது தரம் நான் ஒரு சொல் தப்பாமல் ஒப்பிப்பேன். பிறகு வண்டியில் ஏறி, அந்தத் தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு பேசுவேன். காசிம் பாய் வாசித்தால் கேட்டுக்கொண்டே இருக்கலாம் என்பார்கள். நீ பஞ்சர் ஒட்டிக்கொண்டே சிரிப்பாய்.

எத்தனை தரம் கூப்பிட்டாய், “வா மச்சான், எழுத்துக் கத்துத் தர்றேன், ஒரு மாசம் போதும்” என்று? எனக்குத் தெரியாததை எழுத்து என்ன சொல்லிவிடும் என்று நான் வீம்பாகத் திரிந்தேன்.

எட்டு மீலாதுக்கு முன்னால் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். அது சம்பா அறுவடை முடிந்த சமயம். நம் பிள்ளைகள் துபாய்க்கும் குவைத்துக்கும் போகத் தொடங்கியிருந்தார்கள், பள்ளிவாசலுக்கு மினாரா எழும்பிக்கொண்டிருந்தது. சுற்றுக் கிராமத்தில் எவன் எவனோ கதை கட்டினான். பள்ளிக்குள்ளே வெளிநாட்டுப் பெட்டி வந்து இறங்குகிறதாம், உள்ளே என்ன பேசுகிறார்கள் என்றே தெரியாதாம். பள்ளிவாசல் நிர்வாகம் பார்த்த முத்தவல்லி இபுறாகிம் ராவுத்தர், பேசுகிற வாய் பேசட்டும், நாம் பதில் சொல்ல வேண்டியதில்லை என்றார். நீ விடவில்லை. “நாம சொல்லாத இடத்துலதான் அத்தா அடுத்தவன் சொல்றான். கூப்பிடுவோம். கதவைத் திறந்து விடுவோம். வந்து பாத்துட்டு, நெய்ச்சோறு சாப்பிட்டுட்டுப் போவட்டும்” என்றாய். மீலாதுக் கூட்டத்துக்கு வெளியூர்க்காரர்களை அழைப்பது என்று ஜமாஅத் அப்போதுதான் முதன்முறையாக ஒப்புக்கொண்டது. நடந்து முடிந்தால் அது உன் பெயர். கெட்டாலும் உன் பெயர்தான். ராவுத்தர் அதை வெளிப்படையாகவே சொன்னார்.

சீட்டை முதல் நாளே எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டாய். “நபிகள் நாயகம் பிறந்த பிறை பன்னிரண்டு அன்று மாலை, பள்ளிவாசல் மைதானத்தில் பொதுக்கூட்டம், எல்லா ஊர் மக்களும் வருக.” அவ்வளவுதான் நான் மனப்பாடம் செய்தது. மறுநாள் காலையில் வண்டி புறப்படும் நேரம், நீ சைக்கிளில் மூச்சு வாங்க வந்து சேர்ந்தாய். ஜன்னல் வழியாகச் சீட்டைத் திணித்துவிட்டு, “கடைசியில ஒரு வரி சேத்திருக்கேன் மச்சான். அத விட்டுடாத” என்றாய். திருச்சி ரயிலுக்குக் கவர் போக வேண்டும் என்று அப்படியே திரும்பி ஓடிவிட்டாய்.

வண்டியில் டிரைவரும் ஜமாஅத்து ஆட்கள் இரண்டு பேரும் இருந்தார்கள். அவர்களிடம் போய் இதை வாசித்துச் சொல்லுங்கள் என்று நான் எப்படிக் கேட்பேன்? சீட்டைப் பிரித்தேன். அடியில் புதிதாக ஒரு வரி இருந்தது தெரிந்தது. தலையை ஆட்டி மடித்துக்கொண்டேன். அன்றும் மறுநாளும் கிராமம் கிராமமாக எனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னேன். பிறை பன்னிரண்டு, பிறை பன்னிரண்டு என்று.

நமக்கு அது போதும். வானத்தில் கீற்று தெரிந்த அந்தியிலிருந்து நமக்குக் கணக்கு. அதுதான் நமக்கு முதல் பிறை. ஆனால் கல்லங்குறிச்சிக்காரர்களுக்கு அமாவாசையிலிருந்து கணக்கு. நாம் முதல் பிறை என்று கொண்டாடும் அதே கீற்றை அவர்கள் மூன்றாம் பிறை என்று கும்பிடுகிறார்கள். அந்தியில் நாள் பிறக்கிற நம் கணக்கும் சேர்ந்தால் மூன்று நாள் வித்தியாசம். நமக்கு வெள்ளிக்கிழமை வந்த பன்னிரண்டு, அவர்களுக்குச் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை மாலை நாற்பது பேர் வந்தார்கள். கல்லங்குறிச்சிப் பெரியசாமி முன்னால், வெளுத்த வேட்டி துண்டோடு. தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், பூமாலை. மைதானத்தில் பந்தல்கால்கூட நடவில்லை. பாங்கு சொல்லும் மோதினார் மட்டும் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். இன்றைக்கு ஒன்றும் இல்லையே என்று அவர் சொன்னதும் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். பெரியசாமி தட்டை வாசலில் வைத்துவிட்டு, “கூப்பிட்டு வச்சு வாசலைக் காட்டுறதுக்கா ரெண்டு நாளா குழாய் கட்டிக் கத்தினீங்க?” என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டார். வெள்ளிக்கிழமை ஒருவரும் வரவில்லை. மூன்று தேக்சா நெய்ச்சோற்றை நாமே தின்றோம்.

அடுத்த வெள்ளி ஜும்ஆத் தொழுகை முடிந்து உன்னை நிற்க வைத்துக் கேட்டார்கள். நான் உனக்குப் பின்னால் நாலாவது வரிசையில் இருந்தேன். “கிழமையைப் போட மறந்துட்டேன். தப்பு என் பேனாவோடது” என்றாய். தீர்மானப் புத்தகத்தில் அப்படியே எழுதினார்கள். வெளியூர் அழைப்பு இனி வேண்டாம், யூசுப் நோட்டீஸ் எழுத வேண்டாம் என்றும் எழுதினார்கள். உனக்கு அதுதான் உயிர். எனக்குத் தெரியும்.

நீ அப்படிச் சொன்னபோது எனக்குள் என்ன ஓடியது தெரியுமா? ஒரு நிம்மதி. அப்படியானால் அந்தக் கடைசி வரி கிழமை இல்லை, வேறு ஏதோ என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஒரு நாள் உன்னிடம் கேட்டேன் அல்லவா, “அந்தக் கடைசி வரியில என்னதான் மாப்ளே எழுதியிருந்தே?” என்று. நீ சைக்கிள் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே, “அனைவரும் வருகன்னு இன்னொரு தரம் எழுதியிருந்தேன். அத நீதான் தினம் சொல்றியே” என்றாய். நான் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

உன் சீட்டு ஒவ்வொன்றிலும் மேலே பிஸ்மில்லாவுக்கு அடையாளமாக 786 இருக்கும். அது போட்ட தாள் மிதிபடக் கூடாது என்று ஒன்றைக்கூட நான் எறிந்ததில்லை. எல்லாம் ஒரு டிரங்குப் பெட்டியில் கிடந்தன. அந்த ஒரு சீட்டை மட்டும் நாலாக மடித்து, ஆம்ப்ளிபையர் உறைக்குள் தனியாக வைத்திருந்தேன். நீ மவுத்தாகி, உன்னை அடக்கம் செய்து நாலு வருஷம் ஆன பிறகும் அது அங்கேயே இருந்தது. உண்மையைச் சொல்லட்டுமா? நான் சிலேட்டு பிடித்தது பஸ் போர்டுக்காக இல்லை.

போன ரம்ஜானுக்குப் பிறகு ஒரு நாள், வகுப்பு முடிந்து வந்து கடைக் கதவைச் சாத்திக்கொண்டு அதைப் பிரித்தேன். விரலை வைத்து வைத்து வாசித்தேன். ‘பிறை பன்னிரண்டு என்பது நம் கணக்கு. அயலூர் அன்பர்கள் வெள்ளிக்கிழமை மாலை வரவும்.’

நீ யோசித்திருக்கிறாய் மாப்பிள்ளை. கேட்கிறவன் எப்படி எண்ணுவான் என்று கடைசி நிமிஷத்தில் யோசித்து, அதை எழுதி, சைக்கிளில் துரத்தி வந்து கொடுத்திருக்கிறாய். கிழமை சீட்டில் இருந்தது என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், பிறகு ஏன் காசிம் வாசிக்கவில்லை என்று ஊர் கேட்டிருக்கும். அதற்குப் பிறகு எனக்கு மைக் ஏது? அதைத்தான் நீ அந்த நேரத்திலும் நினைத்தாயா? வரி சேர்த்ததைச் சொல்லிவிட்டுப் போன அவசரத்தில், எனக்கு வாசிக்கத் தெரியாது என்பதையே மறந்துவிட்டோமே என்று உன்னை நீயே திட்டிக்கொண்டாயா? கேட்க ஆள் இல்லை.

ரஹ்மத்திடம் வாசித்துக் காட்டினேன். சீட்டை வாங்கி மடித்து என் கையில் கொடுத்தாள். பிறகு, “எனக்கு வாசிச்சது போதாதுண்ணே. எங்க அவரு மேல தப்புன்னு எழுதுனாங்களோ அங்க போயி வாசி” என்றாள்.

வாய்ப்பு போன மாதம் வந்தது. இப்போது ஜமாஅத்தில் இளைஞர்கள் பொறுப்புக்கு வந்திருக்கிறார்கள். நீ தனியாளாகச் செய்ததற்கு இன்று செய்தித் தொடர்புக் குழு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, பெருமையாகவும் இருந்தது. இந்த மீலாதுக்கு மறுபடியும் வெளியூரை அழைக்கலாம் என்று பேச்சு எடுத்தார்கள். செயலாளர் தம்பி எழுந்து, “ஆனா பழையபடி ஆயிடக் கூடாதுங்க. யூசுப் மாமு எழுதினதுல கிழமையே விட்டுப்போச்சாமே” என்றார். அந்தப் பிள்ளை மேல் தப்பில்லை. புத்தகத்தில் உள்ளதைச் சொன்னார்.

நான் எழுந்தேன். “ஒரு சீட்டு இருக்கு. அத வாசிக்கணும்” என்றேன்.

இபுறாகிம் ராவுத்தருக்கு இப்போது எண்பது வயது, நாற்காலியில்தான் உட்காருகிறார். “வாசிங்க. நீங்க வாசிக்காததா?” என்றார்.

“இல்லத்தா. இதுதான் நான் சபையில வாசிக்கிற முதல் சீட்டு” என்றேன்.

நான் தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்துச் சிலர் சிரித்தார்கள். நான் வாசிக்கத் தொடங்கினேன். மைக்கில் மழை மாதிரி கொட்டுகிறவன், எழுத்து எழுத்தாக, ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே மூச்சு விட்டு விட்டு வாசித்தால் என்ன அர்த்தம்? பாதியிலேயே சிரிப்பு நின்றுவிட்டது. கடைசி வரியை முடித்துத் தாளை ராவுத்தர் கையில் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். யூசுப் எழுத்துதான் என்றார்.

“ஏன்யா, அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா மைக்கு போயிடும்னு பயம்.”

“இப்ப மட்டும் போவாதா?”

“இப்பத்தான் வாசிக்கிறேன்ல” என்றேன்.

முதலில் சிரித்தது அவர்தான். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்தார். உனக்கு நோட்டீஸ் எழுதத் தடை போட்டது அவர் கையெழுத்து அல்லவா? தீர்மானப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி, இதைச் சேர்த்து எழுது என்று செயலாளர் தம்பியிடம் கொடுத்தார். நான் இடையில் புகுந்து வாங்கிக்கொண்டேன். அந்தப் பக்கத்தில் உன் பெயருக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. எழுதினேன்: ‘கிழமை சீட்டில் இருந்தது. யூசுப் எழுதினார். வாசிக்கத் தெரியாமல் விட்டவன் நான்.’ கையெழுத்தும் போட்டேன். அந்தப் புத்தகத்தில் கையெழுத்துக் கேட்டபோதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லி நழுவியவன் நான். எழுதி முடிக்கக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். அத்தனை பேரும் காத்திருந்தார்கள். ஒருவர்கூடச் சீக்கிரம் என்று சொல்லவில்லை மாப்பிள்ளை.

மறுநாளே கல்லங்குறிச்சிக்குப் போனேன். மல்லிகா டீச்சர்தான் பெரியசாமி வீட்டைக் காட்டியது. முழுவதையும் சொன்னேன். அவர் அசையாமல் கேட்டுவிட்டு, “எங்களுக்கு அன்னிக்கே பாதி தெரியும் பாய்” என்றார். “உங்க மாப்பிள்ளை அந்தப் புதன்கிழமையே சைக்கிள்ல வந்துட்டாரு. இந்த வாசல்லதான் குந்தி, குச்சியால கோடு போட்டு, ‘இது உங்க மூணாம் பிறை, இதுவே எங்க மொதப் பிறை, நடுவுல நான்தான் விழுந்துட்டேன்’னு காட்டினாரு. கூழு குடிச்சிட்டுத்தான் போனாரு.”

“அப்புறம் ஏன் வெள்ளிக்கிழமை நீங்க வரல?”

“அவரு வந்துட்டாரு, உங்க ஊரு வரலியே” என்றார். வந்து கேட்டிருக்க வேண்டியது ஜமாஅத்து. நீ தனியாக வந்தாய்.

ஆனால் ஒன்று கேள். அந்தி சாய்ந்து கீற்று தெரிந்தால் அந்த ஊரில் இன்றைக்கும், “பாய்க்கு ஒண்ணு, நமக்கு மூணு” என்றுதான் சொல்கிறார்களாம். மல்லிகா டீச்சர் பள்ளிக்கூடத்தில் படித்தபோதே அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறது, யார் சொல்லி வந்தது என்றுதான் அதற்குத் தெரியாது. நீ கோடு போட்ட மண் எப்போதோ அழிந்திருக்கும். நீ சொன்ன சேதி அந்த ஊர் வாயில் இருக்கிறது. இதைவிட எந்தப் பத்திரிகையில் உன் செய்தி வர வேண்டும்?

பெரியசாமி வருகிறேன் என்று சொல்லிவிட்டார். உன்னைப் போல நான் தனியாகப் போகவில்லை. செயலாளர் தம்பியையும் ராவுத்தர் மகனையும் கூடவே கூட்டிப் போயிருந்தேன். அவர்கள் கையால் கொடுத்த தாம்பூலத்தைத்தான் அவர் வாங்கிக்கொண்டார்.

மாப்பிள்ளை, இதை எழுதும்போது மழை மூட்டம். பிறை இன்னும் தெரியவில்லை. தெரிந்த மறுநாள் காலையில் குழாயைக் கட்டிக்கொண்டு கிளம்புவேன். சீட்டை செயலாளர் தம்பி எழுதுவார். வண்டி ஏறும் முன்னால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நானே வாசிப்பேன். புரியாத சொல் இருந்தால், வண்டியில் எத்தனை பேர் இருந்தாலும், இது என்ன என்று கேட்பேன். ஊருக்குள் நுழைந்ததும் முதலில் ஓர் ஆளை நிறுத்தி, நான் சொன்னது உனக்கு எந்தக் கிழமை என்று விளங்கியது என்று கேட்பேன். அவர் சரியாகச் சொன்ன பிறகுதான் அடுத்த தெருவுக்குத் திரும்புவேன். நம் ஜமாஅத்தின் பேரால் நான் பேசுகிற நாள்வரை இப்படித்தான் பேசுவேன். இது உனக்கு என் வாக்கு.

அல்லாஹ் உன் கபுரை வெளிச்சமாக்கட்டும்.

எழுதியதும் கையெழுத்திட்டதும்,
உன் மச்சான்,
ரஹ்மத்தின் அண்ணன்,
காசிம்